மேபல் எதைக் கொண்டுவந்தாலும்

நாயைப் பழக்குவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அந்த நாயோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் மனிதரைப் பழக்குவதுதான் வித்தை. என் கணவர் நார்மன் ஓய்வுபெற்ற தபால்காரர். இங்கிலாந்தின் வடகோடியில், எங்கள் நார்தம்பர்லாந்துப் பண்ணைகளில் அவர் காலைப் பதம் பார்க்காத நாய் கிடையாது. குரைக்கிற நாய் கடிக்காது என்று யாராவது சொன்னால் போதும், அங்கேயே காற்சட்டையைச் சுருட்டித் தழும்பைக் காட்டுவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள்தான் ஓர் அக்டோபர் மாதம் கைக்குட்டை அளவில் ஒரு கறுப்பு லாப்ரடார் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பெயர் மேபல்.

அதற்கு முந்தின வாரம் எஸ்டேட் கீப்பர் ஆலெக் மில்பர்ன் வந்திருந்தான். காடும் பறவைகளும் அவன் பொறுப்பு. குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஒரு கூட்டம் காட்டுக்குள் தடியும் கொடியுமாக நடந்து ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழிகளைக் கிளப்பிவிடும். வெளியே வரிசையாக நிற்கும் விருந்தினர்கள் சுடுவார்கள். அவர்களுக்கும் பின்னால் நாயோடு நின்று, விழுந்ததை எடுத்துவரச் செய்வது எங்களைப் போன்றவர்கள் வேலை. லார்ச் மரங்களுக்குக் கீழே, ஓடை வளைகிற இடம் என்னுடையது. ஆனால் என் நாய் கஸ்ஸுக்கு வயதாகி இடுப்பு விழுந்துவிட்டது. அடுப்படியை விட்டு எழுந்திருக்கவே அவனுக்கு யோசனை.

ஆலெக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சர்க்கரை கரைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஹெஸ்டர், நாய் இல்லாம அங்க நின்னு என்ன பண்ணுவீங்க? நீங்களே வாயில கவ்விக்கிட்டு வருவீங்களா?"

"அதுக்குள்ள ஆள் பாத்துட்டியா?"

"ஹெக்ஸத்துலேருந்து ஃபிலிப்பான்னு ஒருத்தங்க. நாலு நாய் வச்சிருக்காங்க. விசில் ஊதினா நாலும் பரீட்சைக்கு வந்த பிள்ளைங்க மாதிரி உக்காருது."

"எனக்குக் குட்டி வருது, ஆலெக்."

"குட்டி நாயாகணுமே. சரி, ஒண்ணு செய்வோம். இந்த சீசனும் அடுத்த சீசனும் ஃபிலிப்பா நிக்கட்டும். அடுத்த சீசன் கடைசி நாளு, விரட்டுறவங்க நாளு, அன்னிக்கு உங்க குட்டியக் கூட்டிட்டு வாங்க. நானே பக்கத்துல நின்னு பாக்குறேன். பறவை விலா நொறுங்காம உங்க கைக்கு வந்து சேரணும். சேர்ந்தா இடம் உங்களுது. இல்லேன்னா அந்தம்மாவுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

மழையில் நனைந்து சேற்றில் நிற்கிற இடத்துக்கு இத்தனை போட்டியா என்று கேட்பீர்கள். வாரம் முழுவதும் நான் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவள். நான் ஒருநாள் வராவிட்டால் இன்னொருத்தி தேய்ப்பாள். ஓடை வளைவில் அப்படி இல்லை. அடிபட்ட பறவை ஒன்று புதருக்குள் ஓடி மறைந்தால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். அந்தத் திரும்பலுக்காகத்தான் நான் வாரம் பூராவும் பாத்திரம் தேய்த்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

மேபலுக்கு மரியாதை கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். சாப்பாட்டுத் தட்டு தரையில் வைத்ததும் பாயக் கூடாது, உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும். வாசற்கதவில் நான் முதலில், அவள் பின்னால். ஆள்மேல் தாவக் கூடாது. நீளமாக ஒரு விசில் ஊதினால் நின்ற இடத்தில் உட்கார வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம் சும்மா இருப்பது. கித்தான் துணியில் மரத்தூள் அடைத்த உருளை ஒன்றைத் தூக்கி எறிவேன். அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நானே நடந்துபோய் எடுத்து வருவேன். விழுவதெல்லாம் தனக்கில்லை என்று குட்டிக்குத் தெரிய வேண்டும். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். என் குட்டிக்கு நிற்பதே வேலை.

நார்மன் சன்னல் வழியே இதை ரசித்துக்கொண்டிருப்பார்.

"நாய் வேலைய நீ செய்யற. நாய் உக்காந்து வேடிக்கை பாக்குது. இதுல யாரு யாரைப் பழக்குறா?"

"உனக்கு ஒரே ஒரு வேலைதான், நார்மன். அவ எதைக் கொண்டுவந்தாலும் ரெண்டு கையாலயும் வாங்கிக்கணும். நன்றின்னு சொல்லணும். அதட்டக் கூடாது, பிடுங்கக் கூடாது."

"எதைக் கொண்டுவந்தாலுமா?"

"எதைக் கொண்டுவந்தாலும்."

நாய் பழக்குகிற எங்களுக்கெல்லாம் இது வேதம் மாதிரி. குட்டி எதையாவது கவ்விக்கொண்டு வந்தால் அது திருடியது என்று நமக்குத் தோன்றும். அதற்கோ, உனக்காகக் கொண்டுவந்தேன் என்கிற ஒரு நினைப்புதான். அந்த நேரத்தில் கத்தினால், மனிதர்கள் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். அடுத்த முறை கிட்டே வராது. வந்தாலும் பல்லை இறுக்கிக்கொள்ளும். பல் இறுகினால் பறவையின் விலா நொறுங்கும். அப்புறம் அந்த நாய் அடுப்படிக்குத்தான் லாயக்கு.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மேபல் கொண்டுவந்தது நார்மனின் பல்செட்.

அவர் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். படுக்கைக்குப் பக்கத்தில், அவர் பல்லைக் கழற்றிப் போட்டுவைக்கும் கண்ணாடித் தம்ளர் காலியாக இருந்தது. மேபல் படி இறங்கி, வாயில் மேல்வரிசையை ஏந்திக்கொண்டு, கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவருகிறவளைப் போல் சமையலறைக்குள் வந்தாள். நான் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் கையில் வைத்திருப்பாள். அதற்குள் இடுப்புத் துண்டும் பாதி நுரையுமாக நார்மன் பின்னால் வந்து நின்று, பல்லில்லாத வாயால் ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள். குட்டி வெளியே ஓடியது. இவரும் ஓடினார். ருபார்ப் பாத்தியைச் சுற்றி, நிலக்கரிப் பெட்டியைச் சுற்றி, கடைசியில் வேலியோரம் மடக்கி, விரலை விட்டு வாயைப் பிளந்து பல்லை எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டம்மாள் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். துண்டு எந்த இடத்தில் அவிழ்ந்தது என்பது உட்பட.

"நல்லவேளை, பல்லு தப்பிச்சுது" என்று மூச்சிரைக்க வந்து நின்றார்.

"பல்லு போனா வேற பல்லு கட்டிக்கலாம். அவ வாய் கெட்டுப்போனா எதைக் கட்டுவ?"

"ஒரு தடவைதானே கத்தினேன்!"

"அவளுக்கு ஒரு தடவை போதும்யா!"

போதும் என்றுதான் ஆயிற்று. மறுநாள் கித்தான் உருளையை எறிந்தேன். எடுத்தாள், ஓடி வந்தாள், ஆனால் நாலைந்து எட்டு தள்ளி நின்றுவிட்டாள். ஒரு அடி வைத்தேன். பக்கவாட்டில் துள்ளினாள். இன்னொரு அடி வைத்தேன். வேலியோரம் ஓடிப்போனாள். ஒருவழியாகக் கைக்கு வந்தபோது கித்தானில் வரிசையாக ஓட்டைகள், உள்ளிருந்து மரத்தூள் கொட்டியது. கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். கோபத்தில் அழுதேன் என்றுதான் நார்மனிடம் சொன்னேன். உண்மையில் பயம்தான். என் இடம் போய்விட்டது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அழுது முடித்து உள்ளே போய் நார்மனை உட்காரவைத்தேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இவருக்கு ஐம்பது தாண்டியே வெகுகாலம். ஆனாலும் வளைத்தாக வேண்டியிருந்தது.

"குட்டி எதையாவது கவ்விக்கிட்டு நின்னா நீ கிட்ட போகவே கூடாது. முதுகைத் திருப்பிக்கிட்டு நடக்கணும். அதுக்கும் வரலேன்னா தரையில குப்புறப் படுத்துக்கணும்."

"நான் எதுக்குடி படுக்கணும்?"

"உன்னப் பாத்துத்தான அவ பயப்படறா? படுத்துக் கிடக்கறவனைப் பாத்து எந்த நாயும் பயப்படாது."

"இத்தனை வருஷம் நாய்க்குப் பயந்து ஓடினேன். இப்ப நாய்க்கு முன்னாடி விழுந்து கிடக்கணுமா? தபால் இலாகாவுல தெரிஞ்சா பென்ஷனை நிறுத்திடுவான்."

முனகினார், ஆனால் படுத்தார். அதுதான் நார்மன். தப்பு தன்னுடையது என்று தெரிந்துவிட்டால் வாய் வம்பு பேசும், உடம்பு வேலை செய்யும். முழங்கால் வலியோடு ஈரப் புல்லில் குப்புறக் கிடப்பார். மேபல் ஒரு காலுறையைக் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவாள். ஒருநாள் பக்கத்து வீட்டம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஐயோ, நார்மனுக்கு என்ன ஆச்சு? ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

"ஒண்ணும் ஆகல" என்றேன். "பாடம் நடக்குது."

"நாய்க்கா?"

"அவருக்கு."

புல்லுக்குள்ளிருந்து நார்மனின் குரல் வந்தது. "நான் முதல் வகுப்புல தேறிட்டேன்னு சொல்லு."

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, ஆட்டுத்தொடையை அடுப்பிலிருந்து எடுத்து ஆறவைத்திருந்தேன். சாறு ஊற்றப் பாத்திரம் தேடித் திரும்பினால் தட்டு காலி. மேபல் நேரே நார்மனின் நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாயில் முழுத்தொடை. எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் ஞாயிறு, திங்கள், செவ்வாய்ச் சாப்பாடு. நார்மன் செய்தித்தாளைக் கீழே வைத்தார். தொடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கால்களைச் சேர்த்து, இரண்டு கைகளையும் ஏந்தி, "ரொம்ப நன்றி கண்ணு, நல்ல பொண்ணு" என்றார். மேபல் தொடையை அவர் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

வாங்கிப் பார்த்தேன். ரோஸ்மேரி இலைகூடக் கலையவில்லை. அன்றைக்கு அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடித்தது என்றால், அந்தத் தொடையைக் கழுவிவிட்டு அவருக்கே பெரிய துண்டாக வெட்டி வைத்தேன். இரண்டாவது துண்டும் வைத்தேன். உருளைக்கிழங்கும் கூடுதலாக வைத்தேன்.

கோடை முழுவதும் கித்தான் உருளையில் ஒரு பல் பதியவில்லை. பிறகு செத்த புறாவைப் பழைய காலுறைக்குள் போட்டுக் கொடுத்தேன். பிறகு காலுறை இல்லாமல். எல்லாம் கைக்கு வந்தது.

சீசன் தொடங்கியது. எனக்கு இடம் இல்லாததால் விரட்டுகிற வரிசையில் நார்மனுக்குப் பக்கத்தில் தீவனச் சாக்குக் கொடியை ஆட்டிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு முறை மரங்களை விட்டு வெளியே வந்ததும் ஓடை வளைவில் ஃபிலிப்பா நிற்பது தெரியும். நாலு நாயும் நாலு கம்பம். கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அதுவும் முடியவில்லை. பார்க்கும்போதெல்லாம் ஃப்ளாஸ்கைத் திறந்து சூப் ஊற்றிக் கொடுப்பாள். நல்ல சூப் வேறு.

ஜனவரிக் கடைசியில் விரட்டுறவங்க நாள் வந்தது. வருடம் முழுவதும் தடியும் கொடியுமாக நடந்தவர்கள் அன்றைக்கு ஒருநாள் முறைவைத்து, ஒரு பாதி விரட்ட மறுபாதி துப்பாக்கி பிடிக்கலாம். நார்மன் யாரிடமோ இரவல் வாங்கிய துப்பாக்கியோடு நின்றார். அவர் சுட்டு ஒன்று விழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆலெக் டிராக்டர் வண்டிமேல் ஏறி நின்று சொன்னான். "நல்லாக் கேட்டுக்குங்க. இன்னிக்குச் சேவல் மட்டும். பெட்டைங்க முட்டை வைக்கணும், அடுத்த வருஷத்துக்கு அதுதான் விதை. எவனாவது பெட்டையத் தொட்டா சாயங்காலம் மொத்தக் கூட்டத்துக்கும் பீர் அவன் செலவு. நார்மன், உங்களுக்குத்தான் சொல்றேன்."

"நான் சுட்டா பெட்டை சேவல் எதுவுமே சாகாது தம்பி, பயப்படாத."

ஓடை வளைவில் நானும் மேபலும் நின்றோம். ஆலெக் ஒரு பக்கம், அடுத்த இடத்தில் ஃபிலிப்பா. மரங்களுக்குள் தடி தட்டும் சத்தம் நெருங்கி வந்தது. பறவைகள் எழும்பின. வெடிச்சத்தம், இறகு, நாய்களின் முனகல். ஒரு சேவல் எங்களுக்கு நேர் முன்னால் விழுந்து துள்ளியது. மேபல் உடம்பெல்லாம் நடுங்கினாள். ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆலெக் தாடையைச் சொறிந்தான்.

கடைசியில் உயரமாக வந்த ஒரு பெரிய சேவல், நார்மன் சுட்டதும் அவர் தலைக்கு மேலே நிலைகுலைந்தது. சறுக்கிக்கொண்டே வந்து ஓடைக்கு அந்தப்பக்கம் முட்புதருக்குள் விழுந்தது. அவரே நம்பவில்லை. முடிந்தது என்று கொம்பு ஊதியதும் துப்பாக்கியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பாத்தியா ஹெஸ்டர்? பாத்தியா?"

"நாடே பாத்துச்சு. சும்மா நில்லு."

"அதுதான்" என்றான் ஆலெக். "அதை எடுக்கச் சொல்லுங்க."

கையை நீட்டி அவள் பெயரைச் சொன்னேன். மேபல் உறைந்த ஓரத்தை உடைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் புதருக்குள் நுழைந்தாள். உள்ளே ஏதோ படபடத்தது. பிறகு சத்தமே இல்லை. புதர் அசைந்து, அவள் தலை வெளியே வந்தது.

வாயில் இருந்தது பழுப்பு நிறம். பெட்டை. உயிரோடு, கழுத்தை நிமிர்த்தி, யார் வீட்டு நாய் இது என்பதுபோல் எல்லாரையும் பார்த்துக்கொண்டு வந்தது. புதருக்குள் பதுங்கியிருந்த அடிபடாத கோழியை என் பெண் தூக்கி வந்துவிட்டாள்.

வரிசை முழுவதும் சிரிப்பு வெடித்தது.

"பீர், நார்மன்! பீர்!"

"அவர் சுடலப்பா, மேபல் கைது பண்ணிட்டா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கோழியைப் பிடித்து வருவது எங்கள் தொழிலில் பெரிய தப்பு. அதுவும் பெட்டையைத் தொடக் கூடாத நாளில், கீப்பர் கண் முன்னால். ஆலெக்கின் முகம் இறுகியிருந்தது.

"அதட்டுங்க ஹெஸ்டர்" என்றாள் ஃபிலிப்பா மெல்ல. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னாள். "இப்பவே. இல்லேன்னா பழகிடும்."

அதட்டல் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் கண்டிப்பானவள், நாயைக் கையில் வைத்திருக்கிறாள் என்று ஆலெக் நினைப்பான். மேபல் ஓடையிலிருந்து கரையேறிவிட்டாள். நாலைந்து எட்டுத் தூரத்தில் வேகம் குறைந்தது. அவள் கோழியை மறந்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

பக்கத்தில் நார்மன் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார். "நன்றி சொல்லு, ஹெஸ்டர். எதைக் கொண்டுவந்தாலும்னு சொன்னியே. நான் ஆட்டுத்தொடைக்கே சொன்னேன்."

இடம் போனால் போகட்டும் என்று அந்த நிமிடம் தோன்றியது. இவளைக் கெடுத்து வாங்குகிற இடம் எனக்கு எதற்கு? சேற்றில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினேன்.

"நன்றி, என் தங்கமே. நல்ல பொண்ணு."

மேபல் கடைசி எட்டுகளையும் வைத்தாள். கோழியை என் கையில் விட்டுவிட்டு உட்கார்ந்தாள். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. என் நெஞ்சும்தான்.

ஆலெக் குனிந்து கோழியை வாங்கினான். இரண்டு கட்டைவிரலாலும் விலாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினான். நெஞ்சு இறகை ஊதி விலக்கித் தோலைப் பார்த்தான். மறுபடியும் தடவினான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். அவன் கோழியை மேலே வீசினான்.

கோழி சடசடவென்று சிறகடித்து, மேபலின் தலையை உரசுகிற மாதிரி தாழப் பறந்து, ஓடைக்கு மேலே நேராக மரங்களுக்குள் போய்ச் சேர்ந்தது. எந்த இளம் நாயும் அதன் பின்னால் ஓடியிருக்கும். மேபலின் பின்புறம் ஒரு விரல்கடை உயர்ந்தது. அப்புறம் மெதுவாகத் தரைக்குத் திரும்பியது.

"என் நாய் நாலுல ஒண்ணு இதைப் பிடிச்சிருந்தா, குழம்புக்குத்தான் ஆகியிருக்கும்" என்றாள் ஃபிலிப்பா. அப்போது அவளை எனக்கு நிஜமாகவே பிடித்துப்போயிற்று.

ஆலெக் கையில் ஒட்டியிருந்த இறகைக் காற்சட்டையில் துடைத்தான். என்னைப் பார்க்காமல், ஓடைக்கு அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நார்மன் சேவல் இன்னும் அங்கதான் கிடக்கு, ஹெஸ்டர். உங்க இடத்துல விழுந்தத நீங்கதான் எடுக்கணும். வர்ற நவம்பர் சீசன்லயும் இப்படி நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தா எனக்கு வேலை ஆகாது."

நார்மன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, குளிருக்கு என்று அப்புறம் சத்தியம் செய்தார். என் கால் பக்கத்தில் மேபல் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். கையை மட்டும் நீட்டினேன். அவள் ஓடையைத் தாண்டி ஓடினாள்.